வாடகை வீட்டு ஹாலும் 15,000 ரூபாயும்: உங்கள் ரசனையைக் கண்டுபிடிக்கும் வழி

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் ஹால்களுக்கு ஏறக்குறைய ஒரே முகம்தான். 10 அடிக்கு 14 அடி இடம், 2 அடிச் சதுர வெள்ளை டைல்ஸ், கிரீம் நிறச் சுவர், பழுப்புக் கதவு, கூரையை ஒட்டி ஒரு டியூப் லைட், கதவில்லாத கடப்பாக்கல் அலமாரி, இரண்டு ஜன்னல். சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று உரிமையாளர் முதல் நாளே சொல்லியிருப்பார். இந்த ஹாலை வைத்துக்கொண்டே பேசுவோம். கையில் இருப்பது 15,000 ரூபாய்.

முதல் இரண்டு வாரம் எதுவும் வாங்காதீர்கள். வீட்டு அலங்காரத்தில் கையைக் கடிப்பது விலை அல்ல. ரசனை என்னவென்று தெரியுமுன் வாங்கிய பொருள். ஆறு மாதத்தில் அது பரணுக்குப் போய்விடும்.

பார்ப்பதும் எண்ணுவதும்

ஹாலின் நான்கு மூலைகளிலிருந்தும் காலை 8 மணி, மதியம் 2 மணி, இரவு 8 மணிக்குப் படம் எடுங்கள். மொத்தம் 12 படம். அவற்றை போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் உண்மை தெரியும்: எங்கே இருட்டு தேங்குகிறது, எந்தச் சுவரில் சாமான் குவிந்திருக்கிறது, எது தேவையில்லாமல் கண்ணை இழுக்கிறது. பல வீடுகளில் அப்படி இழுப்பது டிவிக்குக் கீழே தொங்கும் ஒயர்க் கற்றைதான். இருபது ரூபாய் கேபிள் டேகில் தீரும் விஷயம் அது.

அடுத்து, அன்றாடம் வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூன்று நாளைக்கு ஹாலை விட்டு வெளியே வையுங்கள். ஷோகேஸ் பொம்மை, பிளாஸ்டிக் பூ, பரிசாக வந்த கடிகாரம், எல்லாம். மூன்று நாளில் யாராவது தேடிய பொருள் மட்டும் திரும்பி வரலாம். மற்றவற்றை அட்டைப் பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம். அதனால் வீட்டில் சண்டைதான் வரும்.

மூன்றாவது வேலைதான் முக்கியம். பிடித்த அறைகளின் படங்கள் 30 சேகரியுங்கள். உறவினர் வீடு, தங்கிய விடுதி, இணையத்தில் பார்த்தது, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘அழகு’, ‘சூப்பர்’ என்று எழுதாமல், கையால் தொட்டுக் காட்டக்கூடிய இரண்டு விஷயங்களை மட்டும் எழுதுங்கள். ‘பிரம்பு நாற்காலி, வெறும் சுவர்’ என்பதுபோல. 30 படமும் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். 18 படத்தில் வெறும் சுவர் வந்தால் உங்களுக்குப் பிடித்தது காலி இடம். சுவரில் மாட்ட எதை வாங்கினாலும் வீண். 12 படத்தில் பித்தளை வந்தால் அம்மா வீட்டுப் பரணில் தூங்கும் செம்பும் கூஜாவும் நினைவுக்கு வரட்டும்.

இந்தப் பட்டியலை இரண்டு இடத்தில் உரசிப் பாருங்கள். ஒன்று, உங்கள் துணி பீரோ. அதில் அடிக்கடி வெளியே வந்து துவைத்து மடிக்கப்படும் நிறங்கள் எவையோ, அவற்றோடுதான் நீங்கள் சலிக்காமல் வாழ்வீர்கள். இன்னொன்று, வீட்டில் எப்படி உட்காருகிறீர்கள் என்பது. சாப்பாடும் பேச்சும் காய்கறி நறுக்குவதும் தரையில் நடக்கிற வீட்டுக்கு மூன்று இருக்கை சோபா எதற்கு? அது துவைத்த துணி குவிக்கும் இடமாகும். அந்த வீட்டுக்குத் தேவை ஜமக்காளம், இரண்டு திண்டு, ஒரு குட்டை ஸ்டூல்.

இந்த மூன்றிலிருந்தும் ஒரே வரி எழுதுங்கள். ‘மரமும் பருத்தியும், வெள்ளை, மரூன் தவிர வேறு நிறம் வேண்டாம், தரையில் உட்காருவோம்.’ கடைக்குப் போகும்போது அந்த வரி போனில் இருக்கட்டும். அதற்குள் அடங்காத பொருளுக்குப் பாதி விலைத் தள்ளுபடி கொடுத்தாலும் அது உங்களுடையது அல்ல.

மினிமல், போஹோ, செட்டிநாடு என்ற அலங்காரப் பாணிப் பெயர்களுக்குப் பின்னால் ஓட வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டின் அழகு முற்றத்திலும் தூணின் உயரத்திலும் இருக்கிறது. ஒன்பதரை அடிக் கூரையின் கீழே செதுக்குத் தூணைக் கொண்டுவந்து நிறுத்தினால் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிடும். ஒரு பழைய மரப்பெட்டி போதும்.

முதல் செலவு வெளிச்சத்துக்கு

சோபாவை மாற்றினாலும் மாறாத அறை, பல்பை மாற்றினால் மாறும். அதற்கு ஆகும் செலவும் 1,500 ரூபாய்க்குள்தான். பல்பு அட்டையில் 6500K என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை; 3000K என்றால் மஞ்சள் கலந்த இதமான ஒளி; 4000K நடுவாந்தரம். 6500K வெளிச்சத்தில் மரம் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும், பருத்தித் துணியின் காவியும் மரூனும் செத்துப்போகும். டியூபைக் கழற்ற வேண்டாம். கூட்டிப் பெருக்கவும் பிள்ளைகள் படிக்கவும் அது வேண்டும். ஏற்கெனவே சுவரில் இருக்கும் ஹோல்டரில் ஒரு 9 வாட் 3000K பல்பு போடுங்கள். உட்காரும் மூலையில் துணி நிழற்கூடு போட்ட ஒரு மேசை விளக்கு வையுங்கள். மாலையில் இவை இரண்டு மட்டும் எரியட்டும். மஞ்சளையும் நீல வெள்ளையையும் சேர்த்து எரித்தால் இரண்டுமே கெடும்; அறை அழுக்காகத் தெரியும்.

துணி: கணக்குப் போட்டு வாங்குங்கள்

ரெடிமேட் திரைகள் பெரும்பாலும் 5 அடி, 7 அடி, 9 அடி நீளத்தில் வரும். நம் ஜன்னலுக்கு 5 அடி வாங்கினால் திரை பாதிச் சுவரில் நின்று, கூரையைத் தாழ்த்திக் காட்டும். தைப்பதே மேல்.

ஜன்னல் 4 அடி அகலம், அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து 7 அடி என்று வைத்துக்கொள்வோம். கம்பி இருபுறமும் அரையடி நீண்டு 5 அடி இருக்க வேண்டும்; ஜன்னலுக்கு அரையடி மேலே, ஏழரை அடி உயரத்தில் வர வேண்டும். திரை விலகும்போது கண்ணாடியை மறைக்காமல் சுவரில் ஒதுங்கும், ஜன்னலும் பெரிதாகத் தெரியும். கம்பிக்கு ஓட்டை தேவைப்பட்டால் அதற்கு மட்டும் உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். துணியின் மொத்த அகலம் கம்பியைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது; குறைந்தால் மடிப்பு விழாமல் போர்வை காயப்போட்டதுபோல இருக்கும். 4 அடி அகலத் துணியில் இரண்டு பாகம் போட்டால் 8 அடி, சரியாக இருக்கும். நீளத்தில் தரைக்கு 1 அங்குலம் மேலேயே நிறுத்துங்கள். தினமும் ஈரத் துணியால் துடைக்கிற தரையில் உரசும் திரையின் ஓரம் ஒரு மாதத்தில் கறுத்துவிடும். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் 9 அங்குலம், பருத்தி சுருங்குவதற்கு 5 சதவீதம் சேர்த்தால் ஒரு ஜன்னலுக்கு ஐந்தரை மீட்டர். வாங்கியதும் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் திரை கணுக்கால் தெரியும் வேட்டியாகிவிடும்.

ஐந்தரை மீட்டர் என்பது ஒரு சேலையின் நீளம் என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். நன்றாக இருக்கும் ஒரு பழைய சுங்குடியோ கண்டாங்கியோ ஒரு ஜன்னலுக்கான இரண்டு திரையையும் தரும். பல துவைப்பு கண்டதால் இனி சுருங்காது. குறுக்கே பாதியாக வெட்டினால் கரை இருபுறமும் நேர்க்கோடாக இறங்கும். முந்தானை ஒரு பாகத்தில் மட்டும் வந்து இடறும். அதை முதலிலேயே வெட்டி 16 அங்குலத் திண்டு உறை தைத்துவிட்டு, மிச்சத்தைப் பாதியாக்குங்கள். மடிப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் நீளம் போதும். ஒரே எச்சரிக்கை: மேற்குப் பார்த்த ஜன்னலுக்குப் பழைய சேலை ஆகாது. மதிய வெயில் நைந்த நூலை அறுத்துவிடும். வேறு வழியில்லை என்றால் பின்னால் காடாத் துணி கொடுத்துத் தையுங்கள்.

புதிதாக வாங்குவதானால் கரூர், சென்னிமலைத் துணிகளைக் கோ-ஆப்டெக்ஸிலும் ஊர்க் கைத்தறிக் கடைகளிலும் பாருங்கள். தீபாவளியை ஒட்டித் தள்ளுபடியும் இருக்கும். தரைக்குப் பவானி ஜமக்காளம். அதன் பட்டைகளில் உள்ள நிறங்களில் ஒன்று திரையிலோ திண்டிலோ திரும்ப வரட்டும். எல்லா நிறத்தையும் பொருத்தப் பார்ப்பது வேண்டாத வேலை.

சுவர்

ஒட்டும் வால்பேப்பர் வாங்குமுன் இரண்டு சோதனை. உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதில் ஸ்டிக்கரும் நிற்காது, ஒட்டும் கொக்கியும் நிற்காது. பிறகு ஒரு அடிச் சதுர பாலிதீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்ளே நீர் முத்து கோத்திருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது. அதன்மேல் எதை ஒட்டினாலும் உப்பு பூத்துத் தள்ளிவிடும். அந்தச் சுவரை மூச்சுவிட விட்டுவிட்டு, சாமானையும் அரையடி தள்ளிப் போடுங்கள்.

உரிமையாளர் சம்மதித்தால் ஒரு சுவருக்கு மட்டும் எமல்ஷன் அடிக்கலாம். 10 அடிக்கு 10 அடிச் சுவருக்கு இரண்டு கோட்டிங் அடிக்க 2 லிட்டர் வேண்டும். சுண்ணாம்பைச் சுரண்டி பிரைமர் போடாமல் அடித்தால் அப்பளம்போல உரியும்.

படம் மாட்ட, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணிகளை முதலில் எண்ணுங்கள். பெரும்பாலும் அவையே போதும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 அங்குலம் வருவது நிற்பவர் கண்ணுக்கு ஏற்றது. தரையில் உட்காரும் வீட்டில் 4 அடிக்கு இறக்குங்கள். நம் வீடுகளில் படங்கள் உத்தரத்தை ஒட்டித் தொங்குவது பழக்கத்தால்தான். சாமி படத்துக்குச் சட்டம் போடும் தெருமுனைக் கடையிலேயே தாத்தா பாட்டி கல்யாணப் போட்டோவையும், கிழிந்த பட்டுச் சேலையின் ஒரு சாண் கரையையும் சட்டமிட்டு வாங்கலாம். படத்தைச் சுற்றி ஒன்றரை அங்குலம் வெள்ளை அட்டை விடச் சொல்லுங்கள்.

பழைய சாமான்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, உங்கள் ஊர்ப் பழைய மரக்கடை, எங்கே போனாலும் முதலில் பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளைகளும், தட்டினால் மாவுபோலத் தூளும் கொட்டினால் அது உளுத்த மரம். வீட்டுக்குள் ஏற்றினால் மற்ற மரத்துக்கும் பரவும். ஆடுகிற கால் ஒரு பொருட்டல்ல. தச்சர் பசை வைத்து இறுக்கிவிடுவார். அடிப்பக்கம் உப்பியிருக்கும் பார்ட்டிக்கிள் போர்டை (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) தொடவே தொடாதீர்கள்; அதைச் சரிசெய்ய முடியாது. நல்ல மரமானால் 80, 120, 220 என்ற எண் வரிசையில், சொரசொரப்பானதிலிருந்து மென்மையானதுக்கு, உப்புத்தாள் போட்டு, மர இழையோடு தேய்த்து, பாலிஷ் பூசுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பளிச்சென்று தெரியும்.

வாங்குமுன் அதன் நீள அகலத்துக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் விரித்து ஒரு நாள் நடமாடுங்கள். நடக்க இரண்டரை அடி வழி மிஞ்சாவிட்டால் வேண்டாம்.

கடப்பாக்கல் அலமாரிக்கு வருவோம். மேல் இரண்டு தட்டில் மட்டும் பார்வைக்கான பொருள், அதிலும் மூன்றில் ஒரு பங்கு காலி. கீழ்த்தட்டுகளுக்கு ஸ்பிரிங் கம்பியில் திரைத் துணியின் மிச்சத்தை மாட்டி மூடிவிடுங்கள். பெட்டியில் போட்ட பொம்மைகளில் நான்கைந்தை இங்கே வைத்து, சலித்ததும் மாற்றலாம். கொலுப் பெட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல.

செடிக்கு மணி பிளான்ட் போதும். தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மண்தொட்டிக்கு அடியில் தட்டு கட்டாயம். இல்லாவிட்டால் வெள்ளை டைல்ஸில் உப்பு வளையம் படியும், முன்பணத்தில் பிடிப்பார்கள்.

செலவுக் கணக்கு தோராயமாக இப்படி: வெளிச்சம் 1,500, திரையும் கம்பியும் 3,500, திண்டும் உறைகளும் 2,000, ஜமக்காளம் 1,500, படச் சட்டங்கள் 2,000, செடி 1,000, பழைய சாமானும் தச்சர் கூலியும் 2,500. ஊருக்கு ஊர் விலை மாறும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வெளிச்சமும் துணியும் வந்து ஒரு மாதம் கழித்தே மரச்சாமான். மீதி 1,000 ரூபாயைத் தொடாமல் வைத்து, மூன்றாம் மாதம் அதே நான்கு மூலைகளிலிருந்து அதே மூன்று நேரத்தில் படம் எடுங்கள். அப்போது எங்கே குறை தெரிகிறதோ, அந்த ஆயிரம் அங்கே போகட்டும்.