ஸ்பாக்னம் பாசியை உயிரோடு வளர்ப்பது எப்படி?

சதுப்பு நிலங்களில் வளரும் ஸ்பாக்னம் பாசியைப் புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பெரும்பாலும் குழாய்த் தண்ணீர் ஊற்றியே கொன்றுவிடுகிறார்கள். மழைநீரோ, வாலை வடிநீரோ, ஆர்.ஓ. நீரோ தொடர்ந்து கிடைக்குமென்றால் மட்டும் இதில் இறங்குங்கள்.

காரணம் இதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. இதற்கு வேர் கிடையாது. தலைப்பகுதி மேலே வளர்ந்துகொண்டே போக, அடிப்பகுதி மடிந்துவிடும். சதுப்பு நிலங்களில் அப்படி மடிந்து சேர்ந்ததுதான் பீட். இலைகளில் பச்சைச் செல்களுக்கு இடையே உயிரற்ற வெற்றுச் செல்கள் இருக்கின்றன. அவை நீரைத் தேக்கிக்கொள்வதால், காய்ந்த எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு நீரைப் பாசி தாங்கும். முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப்போட இதைப் பயன்படுத்தியது இதற்காகத்தான். இன்று ஆர்க்கிட், பூச்சியுண்ணும் செடிகள், விண்பதியம் (கிளையைச் செடியிலேயே வேர்விட வைக்கும் முறை) ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிட்டு, தன்னைச் சுற்றி அமிலத்தன்மையை இது உண்டாக்குகிறது. சுண்ணாம்பு மிகுந்த குழாய்த் தண்ணீர் அந்த அமிலத்தன்மையைக் கெடுத்துவிடும். பாசி பழுப்பேறி அழுகும்.

படி 1: ஈரமும் பசுமையும் உள்ள உயிர்ப்பாசியை வாங்குங்கள். தொடங்குபவர்களுக்கு ஸ்பாக்னம் பலஸ்ட்ரே நல்ல தேர்வு. காய்ந்த பாசி சில நேரம் துளிர்க்கும். ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். கையுறை அணியுங்கள். இதில் இருக்கக்கூடிய ஒரு பூஞ்சை, தோலிலுள்ள சிறு கீறல் வழியாக உள்ளே சென்று ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற நோயைத் தரலாம்.

படி 2: ஆழம் குறைந்த, ஒளி புகும் பிளாஸ்டிக் பெட்டியில் ஊறவைத்த காய்ந்த பாசியை 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள்.

படி 3: உயிர்ப்பாசியை 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, தலை மேலே இருக்கும்படி நெருக்கமாக நடுங்கள். நெருக்கம் முக்கியம், ஒன்றையொன்று தாங்கி, நீரை மேலே இழுத்துக்கொள்வது அதனால்தான்.

படி 4: தலைகளுக்கு ஒரு விரற்கடை கீழே நீர்மட்டம் நிற்கட்டும். முழுதும் மூழ்கடிக்காதீர்கள். உரம் ஒரு துளியும் வேண்டாம். உரமிட்டால் நீர்ப்பாசிப் படலம்தான் செழிக்கும்.

படி 5: நல்ல வெளிச்சம் தேவை, சுடும் வெயில் ஆகாது. மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். மூடிய பெட்டி வெயிலில் இருந்தால் உள்ளே பாசி வெந்துவிடும். தலைகள் வெளிறினால் ஈரம் போதவில்லை. தண்டு மெலிந்து நீண்டால் வெளிச்சம் போதவில்லை.

தலைகள் பெட்டியின் விளிம்பைத் தாண்டியதும் மேல் 5 செ.மீ. பகுதியை வெட்டி வேறு பெட்டியில் நடலாம். அடியில் இருக்கும் தண்டுகளை எறிந்துவிடாதீர்கள்; அவற்றின் பக்கத்திலிருந்தும் புதுத் துளிர்கள் வரும்.