நள்ளிரவுச் சாப்பாடு: பலகையைப் பார்க்காதீர்கள், அடுப்பைப் பாருங்கள்

இரவு பதினொன்றரைக்குப் பசியோடு தெருவில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது பெயர்ப் பலகையின் வெளிச்சம்தான். பலகை எரிகிறதே என்று உள்ளே போய் உட்கார்ந்தால், கால்மணி நேரம் கழித்து ‘அது முடிஞ்சிடுச்சு, இது மட்டும்தான் இருக்கு’ என்பார்கள். கடை திறந்திருப்பது வேறு, அடுப்பு எரிவது வேறு. பல உணவகங்களில் கதவு அடைக்க அரை மணி, ஒரு மணி இருக்கும்போதே சமையலறை ஓய்ந்துவிடும். மேப்பில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் கதவுக்கானது. விடுமுறை நாளில் அதையும் நம்ப முடியாது. ஆகவே போன் செய்தால் ‘எத்தனை மணி வரை இருப்பீங்க?’ என்று கேட்காமல், ‘கடைசி ஆர்டர் எப்போ?’ என்று கேளுங்கள்.

மெனு அட்டையை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. பகலில் ஏழெட்டுப் பேர் நின்று செய்வதை, ராத்திரி ஒரு மணிக்கு இரண்டு பேர் செய்ய வேண்டியிருக்கும். அட்டையின் மூலையில் இருக்கும் ஏதோ ஒன்றைக் கேட்டால், நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எப்போதோ செய்து வைத்தது சூடாகி வரும். ‘இப்ப சூடா என்ன போடுறீங்க?’ என்று கேட்டு அதையே வாங்குவது என் பழக்கம். தேர்வு குறையும்தான், வயிறு தப்பிக்கும்.

‘சூடு பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்’ என்று நானும் நினைத்தவன்தான். ஒரு ராத்திரி சூடுபடுத்திய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, விடியும்வரை குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். காரணம் அப்புறம்தான் புரிந்தது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால்தான் சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்து நச்சை உண்டாக்கினால், மறுபடி சூடாக்கினாலும் வாந்தி எடுக்க வைக்கும் அந்த நச்சு அழியாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும்.

ஆவி வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. குழம்புப் பாத்திரத்தின் விளிம்பைப் பாருங்கள். காய்ந்த வளையம் பிடித்து, மேலே ஏடு கட்டி, கரண்டிக் காம்பில் பிசுக்கு உலர்ந்திருந்தால் அது வெகுநேரமாக அங்கேயே இருக்கிறது. வாணலி எண்ணெய் கறுத்து நுரைத்தால் பொரித்ததை விட்டுவிடலாம்.

கூட்டத்தைப் பார்த்து நுழைவது நல்ல யோசனைதான், ஆனால் எந்த நேரத்துக் கூட்டம் என்று பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்கு நிரம்பி வழிந்த கடையில் ஒரு மணிக்கு மிஞ்சியதுதான் இருக்கக்கூடும். நட்சத்திர மதிப்பீடுகளும் இப்படித்தான், ராத்திரி நேரத்தைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். கடைசி ரயில், பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அகோரப் பசியில் ஆர்டர் கொடுக்கும்போது கண்ணுக்கு அளவு தெரியாது. கொழுப்பு மிகுந்த சாப்பாடு இரைப்பையை விட்டு நகரவே நேரமாகும். உடனே படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பார்கள். நள்ளிரவில் அது நடக்கிற காரியமா? அதனால் பாதி வயிற்றோடு எழுந்துவிடுவது மேல். முடிவில் ஒரு காபி என்று ஆரம்பிக்காதீர்கள், தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனில் பாதி உடம்பை விட்டு இறங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

மிச்சத்தைப் பார்சல் கட்டி வாங்கி வருவதில் தப்பில்லை. வீட்டுக்கு வந்த அசதியில் அந்தப் பையை மேசைமேல் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டீர்களா? காலையில் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், முன்னே சொன்ன அந்தப் பாக்டீரியா நச்சுக்கு வாடை கிடையாது.