காட்டோரக் குடும்ப விடுதியின் வரலாற்றை எழுதுவது எப்படி?

தேசியப் பூங்காவை ஒட்டி ஒரு குடும்பம் தொடங்கிய விடுதியின் கதையை எழுதப் போகிறீர்களா? முதலில் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: விடுதி முந்தியா, பூங்கா முந்தியா? இந்த வேலையை எப்போது எடுத்தாலும் நான் அங்கேதான் ஆரம்பிப்பேன். அது தெரிந்துவிட்டால் யாரிடம் என்ன கேட்பது என்பது தானாகப் பிடிபடும்.

கென்யாவின் ட்ரீடாப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நையேரியில் அவுட்ஸ்பான் ஓட்டலை நடத்திவந்த எரிக் ஷெர்புரூக் வாக்கரும் அவர் மனைவி பெட்டியும் 1932இல் ஒரு பெரிய அத்தி மரத்தின் மேல் அமைத்த விடுதி அது. அபர்டேர் தேசியப் பூங்கா உருவானதோ 1950இல். ஆக, பூங்காவுக்கு வருகிறவர்களுக்காகக் கட்டினார்கள் என்று எழுதினால் தப்பாகிவிடும். விடுதி மூத்தது என்றால், எல்லை வந்தபின் என்னென்ன நின்றுபோனது என்று கேளுங்கள். விறகு, மேய்ச்சல், இரவில் நடந்த பாதை எல்லாம் அந்தப் பதிலில் வந்து விழும். பூங்கா மூத்தது என்றால் கேள்வி வேறு: அந்த நிலம் யாரிடமிருந்து, எந்த அனுமதியில் கைக்கு வந்தது?

பெயர்ப்பலகையில் உள்ள ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலம் வாங்கிய ஆண்டு, கட்டி முடித்த ஆண்டு, முதல் விருந்தினர் காசு கொடுத்துத் தங்கிய ஆண்டு மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விருந்தினர் பதிவேடு. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 1952இல் இளவரசி எலிசபெத் ட்ரீடாப்ஸில் தங்கியிருந்த இரவில் அவர் தந்தை இறந்து, அவர் அரசியானார். அப்போது உடனிருந்த, புலி வேட்டைக் கதைகளால் பெயர்பெற்ற ஜிம் கார்பெட் அதைப் பற்றி அங்கிருந்த பதிவேட்டில் எழுதிய வரிகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால் பிரபலங்களின் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு பதிவேட்டில், பெயரும் ஊரும் ஆளுக்கொரு கையெழுத்தில் இருந்தன. 'கண்ட விலங்குகள்' என்ற கட்டம் மட்டும் பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்தில், அதே நீல மையில். விசாரித்தால் அது இரவுக் காவலரின் கை. குடும்பம் சொன்ன கதையில் அவர் பெயரே வரவில்லை. அதற்கப்புறம் நான் எழுதிய வரலாற்றில் பாதி அவருடையது.

அதனால் நிறுவனரின் பிள்ளைகளோடு பேட்டியை முடித்துவிடாதீர்கள். சமையல்காரர், வழிகாட்டி, துணி துவைத்தவர் எல்லோரையும் தேடிப் போங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. "குட்டை வற்றிப்போன கோடைக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள், சட்டென்று சொல்வார்கள். ஆண்டைப் பிறகு காகிதத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

புகைப்படங்களின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கூரை மாறியிருக்கிறதா, மரம் காணாமல் போயிருக்கிறதா என்று வரிசைப்படுத்தினாலே கட்டடத்தின் காலக்கோடு கிடைத்துவிடும்.

கசப்பான அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். ட்ரீடாப்ஸ் 1954இல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த மாவ் மாவ் போராளிகளால் எரிக்கப்பட்டது. 1957இல் மறுபடி கட்டினார்கள். விடுதிக்காரர்கள் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு பேரிழப்பு. நிலத்தையும் விடுதலையையும் கேட்டுக் காட்டுக்குள் போன கிக்குயு மக்கள் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு போரின் பகுதி. இரண்டையும் எழுதாத வரலாறு விளம்பரத் தாள்தான் என்பது என் உறுதியான கருத்து.

அச்சுக்குக் கொடுக்கும் முன், குடும்பத்தாரையும் பழைய ஊழியர்களையும் ஒன்றாக உட்காரவைத்து முழுதும் வாசித்துக் காட்டுங்கள். நிலம் பற்றிய பக்கத்தில்தான் சச்சரவு வரும். அந்தப் பக்கத்தை எடுக்காதீர்கள். பத்திரத்தின் தேதியையும் எண்ணையும் அடியில் போட்டு, மறுப்பவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே பக்கத்தில் சேருங்கள்.