கமடோர் 64 கீபோர்டு மக்கர் செய்கிறதா? ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள்

பழைய ஹோம் கம்ப்யூட்டரான கமடோர் 64-ஐ ஆன் செய்கிறீர்கள். நீலத் திரை வருகிறது, 'ரெடி' என்று சொல்கிறது, ஆனால் சில கீகள் மட்டும் அசையவே மாட்டேன் என்கின்றன. உடனே பிரித்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். எந்த கீ வேலை செய்யவில்லை என்பதைவிட, எந்தெந்த கீகள் சேர்ந்து படுத்திருக்கின்றன என்பதுதான் முக்கியம். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், பழுது கீயிலா, வயரிலா, சிப்பிலா என்பது பெட்டியைத் திறக்காமலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

படி 1: கீபோர்டுதான் குற்றவாளியா?

இது 1982-இல் வந்த மெஷின். கூடவே வந்த பழைய பவர் சப்ளை இன்னும் ஓடுகிறதே என்று நம்பாதீர்கள். அதற்குள் இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகிக் கெடும்போது வோல்டேஜ் ஏறிவிடுவது உண்டு. ஏறினால் மெமரி சிப்புகள் போய்விடும். புதிதாகச் செய்த நல்ல சப்ளை ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. கீபோர்டைச் சரிசெய்யப் போய் மெஷினையே இழப்பானேன்?

அடுத்து, கர்சர் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். கர்சரைச் சிமிட்ட வைப்பதும், கீபோர்டை ஒரு நொடிக்குச் சுமார் 60 முறை படிப்பதும் ஒரே இன்டரப்ட்தான் (செய்வதை நிறுத்தி இதைக் கவனி என்று பிராசஸருக்கு வரும் சிக்னல்). யூ1 என்று மெயின் போர்டில் எழுதியிருக்கும் 6526 சிப்பிலிருந்து அது வருகிறது. கர்சர் சிமிட்டாமல் நின்றிருந்தால் கீபோர்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நேராகப் படி 6-க்குப் போங்கள்.

சிமிட்டுகிறதா? சரி. பவரை ஆஃப் செய்துவிட்டு ஜாய்ஸ்டிக், கார்ட்ரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஜாய்ஸ்டிக் போர்ட்டுகளும் கீபோர்டும் அதே சிப்பின் அதே கால்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. முதல் போர்ட்டில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கின் ஃபயர் பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டால், ஸ்பேஸ் பாரை யாரோ விடாமல் அழுத்துவது போலவே இருக்கும். வலது பக்கம் ஒட்டிக்கொண்டால் 2 விழும். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டால் வேலை முடிந்தது, தாளே வேண்டாம்.

படி 2: பட்டியல் போடுங்கள்

கீபோர்டில் மொத்தம் 66 கீகள். தாளில் அதே அமைப்பில் கட்டம் வரைந்து, ஒவ்வொன்றாக அழுத்தி டிக் போடுங்கள். லேசாக அழுத்தினால் வராமல், பலமாக அழுத்தினால் வருகிறதா என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்குப் பதிலாகப் படக்குறிகள் விழுந்தால் முதலில் ஷிப்ட் லாக்கைப் பாருங்கள். அது அழுந்தி உள்ளே தங்கிவிடும் வகை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிட வேண்டாம். ஏ, எஸ், டி மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தால், தொடாமலேயே பக்கத்து எஃப் அழுத்தப்பட்டதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். இது பழுது இல்லை, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கீபோர்டில் கிடையாது, அவ்வளவுதான். அதனால் ஒரு நேரத்தில் ஒரு கீயை மட்டும் அழுத்துங்கள்.

ஏதோ ஒரு கீ உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சந்தேகமா? மெமரியில் 203-ஆம் முகவரியில் இருக்கும் எண்ணை பீக் (PEEK) கட்டளையால் படித்துத் திரையில் திரும்பத் திரும்ப அச்சிடும் இரண்டு வரி பேசிக் புரோகிராம் போதும். பிரிண்ட் என்று அடிக்கத் தேவையான கீ வேலை செய்யாவிட்டால் கேள்விக்குறி போட்டாலும் பேசிக் புரிந்துகொள்ளும். எதையும் தொடாதபோது 64 வர வேண்டும். வேறு எண் வந்தால் அதை 8-ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு 60 வந்தால் ஈவு 7, மீதி 4. இந்த இரண்டு எண்களும் எந்த இரண்டு வயர்களுக்கு நடுவே சிக்கல் என்று சொல்கின்றன. எப்படி என்பது அடுத்த படியில்.

படி 3: பட்டியலைப் படியுங்கள்

இங்கே நிதானமாக இருங்கள், இதுதான் விஷயமே. கீபோர்டில் 64 கீகள் எட்டுக்கு எட்டு வலையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. பிஏ0 முதல் பிஏ7 வரை எட்டு வயர், பிபி0 முதல் பிபி7 வரை எட்டு வயர் (இவை அந்த 6526 சிப்பின் கால்களின் பெயர்கள்). ஒரு கீயை அழுத்தினால் ஒரு பிஏ வயரும் ஒரு பிபி வயரும் தொட்டுக்கொள்ளும். மேலே பார்த்த ஈவு பிஏ எண், மீதி பிபி எண். 60 என்றால் பிஏ7-உம் பிபி4-உம், அதாவது ஸ்பேஸ் பார். மிச்சம் இரண்டு கீகள் இந்த வலைக்கு வெளியே: ஷிப்ட் லாக் இடது ஷிப்டோடு இணையாகப் போகிறது, ரிஸ்டோர் தனி வழியில் போகிறது.

ஒரு வயர் அறுந்தால் எட்டு கீகள் ஒன்றாகப் போகும். ஆனால் அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்காது என்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஒற்றைப்படை எண்கள் ஐந்தும், கூடவே பிளஸ், பவுண்டு குறி, டெலிட் ஆகியவையும் பிபி0-இல் இருக்கின்றன. இரட்டைப்படை எண்கள், பூஜ்யம், மைனஸ், ஹோம், எஃப்7 எல்லாம் பிபி3. ஆகவே 1, 3, 5, 7, 9 மட்டும் வராமல் நடுவில் இருக்கும் எண்கள் அழகாக வந்தால், ஐந்து கீகள் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று அர்த்தமில்லை. வயர் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

பிஏ பக்கத்திலும் இப்படித்தான்:

பிஏ0: டெலிட், ரிட்டர்ன், இரண்டு கர்சர் கீகள், நான்கு எஃப் கீகள்
பிஏ1: 3, 4, டபிள்யூ, இ, ஏ, எஸ், இசட், இடது ஷிப்ட்
பிஏ4: 9, 0, ஐ, ஓ, ஜே, கே, எம், என்
பிஏ7: 1, 2, க்யூ, இடது அம்புக்குறி, கன்ட்ரோல், கமடோர் கீ, ஸ்பேஸ், ரன்/ஸ்டாப்

உங்கள் பட்டியல் இப்படி ஒரு கூட்டமாக அமைந்தால் படி 4. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கீகள் என்றால் வெறும் அழுக்குதான், படி 5. ரிஸ்டோர் மட்டும் வரவில்லை என்றால் ரன்/ஸ்டாப்பை அழுத்திக்கொண்டு ரிஸ்டோரைச் சட்டென்று தட்டிப் பாருங்கள். பழைய போர்டுகளில் மெதுவாக அழுத்தினால் அது எடுக்காது. பிறவிக் குணம், பழுதில்லை.

படி 4: திறந்து அளந்து பாருங்கள்

பவர் வயரைக் கழற்றிவிடுங்கள். அடியில் முன்விளிம்பை ஒட்டி மூன்று ஸ்க்ரூ. மேல்மூடியை முன்பக்கமிருந்து மெதுவாகத் தூக்குங்கள், இழுக்காதீர்கள்: விளக்கின் வயரும் கீபோர்டு வயரும் உள்ளே போர்டில் செருகியிருக்கும். போர்டைத் தொடும் முன் எர்த் ஆன உலோகம் எதையாவது தொட்டுவிடுங்கள். 6526-க்கு ஸ்டாட்டிக் என்றால் ஆகவே ஆகாது.

கீபோர்டு கனெக்டரைக் கழற்றி, இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். பின்களில் படிந்த கறை போனாலே பல கூட்டப் பழுதுகள் தீர்ந்துவிடும். தீரவில்லையா? மல்டிமீட்டர் எடுங்கள். கனெக்டரில் 20 இடங்கள், அதில் 2-ஆம் பின் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அதை வைத்து 1 எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கலாம். 5 முதல் 12 வரை வரிசையாக பிபி 3, 6, 5, 4, 7, 2, 1, 0. 13 முதல் 20 வரை பிஏ 0, 6, 5, 4, 3, 2, 1, 7.

கழற்றிய கீபோர்டு பக்கம் ஸ்பேஸ் பாருக்கு 8-ஆம் பின்னிலும் 20-ஆம் பின்னிலும் புரோபை வைத்து அழுத்துங்கள். ஓம் ரேஞ்சில் பாருங்கள், பஸ்ஸரை நம்ப வேண்டாம். கீயின் அடியில் தொடர்பை ஏற்படுத்தும் கார்பன் பட்டனுக்கே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு, நல்ல கீயிலும் சத்தம் வராமல் போகலாம். நன்றாக வேலை செய்யும் கீ ஒன்றை முதலில் அளந்து அதோடு ஒப்பிடுவதுதான் சரியான முறை. கூட்டம் முழுக்க ரீடிங்கே இல்லையென்றால் அந்தப் பின்னுக்கு வரும் வயரில் சால்டர் விட்டிருக்கும். திரும்ப வைத்துவிடுங்கள்.

கீபோர்டு ஒழுங்காக அளந்தால் சந்தேகம் போர்டின் மேல். கீபோர்டு இல்லாமலேயே மெஷினை ஆன் செய்து, போர்டில் 12-ஐயும் 20-ஐயும் ஒரு சின்ன வயரால் ஒரு நொடி தொடுங்கள். திரையில் 1 விழ வேண்டும். 4-ஆம் பின்னில் 5 வோல்ட் இருக்கிறது, 1-ஆம் பின் கிரவுண்ட். அந்தப் பக்கம் வயர் போகவே கூடாது.

படி 5: சுத்தம்

கீபோர்டை மூடியிலிருந்து கழற்றித் திருப்பிப் போடுங்கள். பின்பக்கம் நிறையக் குட்டி ஸ்க்ரூக்கள், கிண்ணம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் லாக்குக்குப் போகும் இரண்டு வயர்களையும் சால்டர் எடுத்தால்தான் கீபோர்டின் சர்க்யூட் போர்டு வெளியே வரும். இதை மறந்து இழுத்தால் போர்டில் ஒட்டியிருக்கும் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். சுத்தம் செய்வதற்குக் கீகளின் மூடிகளைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் ஸ்ப்ரிங்குகள் பறக்கும், கீயோடு சேர்ந்து உள்ளே இறங்கும் குட்டிக் கட்டைகள் கொட்டும்.

போர்டின் தங்கநிறத் தொடுமுனைகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடையுங்கள். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் கறுப்பு ரப்பர் வட்டம் ஒன்று இருக்கும். அதை வெள்ளைத் தாளில் லேசாகத் தேயுங்கள், தாளில் சாம்பல் கோடு விழுவது நின்றால் போதும். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள், மின்சாரம் கடத்தும் மேல்படலமே போய்விடும். துடைத்தும் ஒரு கீ தேறவில்லையென்றால், அதன் கட்டையை பவுண்டு குறி போல அதிகம் தொடாத கீயின் கட்டையோடு மாற்றிப்போடுங்கள். என்னைக் கேட்டால் கடையில் விற்கும் கண்டக்டிவ் பெயின்ட்டைவிட இது நீடித்து உழைக்கும்.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூக்களை இறுக்கித் தள்ளாதீர்கள், பழைய பிளாஸ்டிக் திரெட் போய்விடும்.

படி 6: சிப்

வயர் வைத்தும் 1 விழவில்லை, அல்லது கர்சரே சிமிட்டவில்லை என்றால் யூ1 மேல்தான் சந்தேகம். பக்கத்தில் யூ2 என்று இருப்பதும் அதே 6526. இரண்டும் சாக்கெட்டில் இருந்தால் பவரை ஆஃப் செய்து, சிப்பின் ஒரு முனையில் இருக்கும் வெட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொண்டு இடம் மாற்றுங்கள். கீபோர்டு சரியாகி, டிஸ்க் டிரைவ் தகராறு செய்யத் தொடங்கினால் சிப் போய்விட்டது உறுதி. இடம் மாற்றியும் அதே எட்டு கீகள்தான் வரவில்லை என்றால் சிப் நல்லது, சாக்கெட்டின் காலையும் கனெக்டர் வரை போகும் தடத்தையும் மல்டிமீட்டரில் பாருங்கள். சிப்புகள் நேரடியாகச் சால்டர் செய்யப்பட்டிருந்தால், நாற்பது கால்களையும் தடம் கிழியாமல் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.