பரம்பரை மாட்டுப் பட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கின் பெருநிலப் பக்கம், நிபோங் தெபால், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் தாத்தா காலத்து மந்தையைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மாட்டோடு சில பழக்கங்களும் கைமாறி வருகின்றன. அதில் பட்டியை அதிகம் கெடுப்பது, பசுக்களைச் சினையாக்க வைத்திருக்கும் பொலிகாளை விஷயம்தான்.

நல்ல காளை அமைந்துவிட்டால் விற்க மனசு வராது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காளை வந்து சுமார் 280 நாளில் முதல் கன்றுகள் விழும். தீனி நன்றாக இருந்தால் அதில் கிடாரிகள், அதாவது பெண் கன்றுகள், 12 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். அதாவது இரண்டு வருஷம் முடிகிற நேரத்தில் காளை தன் மகளோடு சேரத் தொடங்கும். பிறகு சோனிக் கன்று, சினை தங்காமை, பால் குறைவு. பழி தீனி மேல் விழும்!

இரண்டு வருஷத்துக்குள் காளையை மாற்றுங்கள். பக்கத்துப் பட்டியோடு மாற்றிக்கொள்வதானால், அந்தக் காளை எந்தப் பட்டியில் பிறந்தது என்று முதலில் கேளுங்கள். உங்கள் மந்தையிலிருந்து போன பசுவின் பேரனாகவே இருக்கலாம். காது எண், தாய், தகப்பன், பிறந்த தேதி, இந்த நான்கையும் நோட்டில் எழுதாத பட்டியில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. காளைக்குப் பதிலாகச் சினை ஊசி போடுவதானால், காலையில் பருவம் தெரிந்த பசுவுக்கு மாலையில், மாலையில் தெரிந்ததற்கு மறுநாள் காலையில். 21ஆம் நாள் வாக்கில், சினை பிடிக்காமல் மறுபடி பருவத்துக்கு வந்து கத்துகிறதா என்று கவனியுங்கள்.

நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்டவிடக்கூடாது என்பது இன்னொரு பழக்கம். இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். 30 கிலோ கன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குள் 3 லிட்டர் போகவேண்டும். கன்று முட்டிக் குடித்தால் கருப்பையும் சுருங்கும். 12 மணி நேரம் தாண்டியும் கொடி விழவில்லையென்றால் பிடித்து இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் மேய்ப்பவர்கள் எந்தப் பகுதிக்கு எப்போது களைக்கொல்லி அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்காமல் மாட்டை ஓட்டக்கூடாது. செம்பனைப் பிண்ணாக்கு மலிவுதான், ஆனால் புல்லைக் குறைத்து அதையே நிரப்பினால் அசைபோடுவது குறைந்து வயிறு கெடும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த மூட்டையை வெயிலில் காயவைத்துப் போடுவதும் வேண்டாம். பூசணத்தின் நஞ்சு முழுதும் போகாது.

வாங்கிய மாட்டை அன்றைக்கே மந்தையில் சேர்க்காதீர்கள். வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி நோய் அப்படித்தான் நுழைகிறது. மூன்று, நான்கு வாரம் தனியே கட்டுங்கள். அதற்குத் தீனி வைப்பது அன்றைய கடைசி வேலையாக இருக்கட்டும். அதே பூட்சோடு கறவை மாட்டுக் கொட்டகைக்குள் போகவேண்டாம்.