இறால் குட்டையில் மயில்துத்தம்: எங்கே தவறு நடக்கிறது?

குட்டைத் தண்ணீர் கரும்பச்சையாகி ஓரத்தில் பாசி ஒதுங்கினால் பலரும் முதலில் தேடுவது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். விலை குறைவு, உரக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் அதன் எடையில் கால் பங்கு செம்பு. பாசியைக் கொல்லும் அதே செம்பு இறாலின் செவுளையும் விட்டுவைக்காது.

"பக்கத்துப் பண்ணையில் ஏக்கருக்கு இத்தனை கிலோ போட்டார்களாம்" என்று நாமும் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. செம்பின் கடுமையைத் தண்ணீரின் ஆல்கலினிட்டிதான் (அமிலத்தைச் சமாளிக்கும் கார்பனேட், பைகார்பனேட் இருப்பு; லிட்டருக்கு மி.கி. கணக்கில் சொல்வார்கள்) பெரும்பாலும் முடிவு செய்கிறது. கார்பனேட்டும் கரைந்த கழிவும் செம்பைக் கட்டிப்போடும். கால்சியம் அதைச் செவுளில் ஒட்டவிடாமல் தடுக்கும். இவை குறைந்த தண்ணீரில் செம்பு தனி அயனியாகத் திரிந்து, உடம்பின் உப்புச் சமநிலையைக் காக்கும் நொதியை முடக்கிவிடும். போர் தண்ணீரில், குறைந்த உப்பில் வன்னமை ரக இறால் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே இறால் உடம்பு உப்பை இழக்காமல் இருக்கவே ஓயாமல் பாடுபடுகிறது.

பி.எச். நன்றாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. பாசி மண்டிய குட்டையில் மதியம் பி.எச். 9 காட்டும், ஆல்கலினிட்டி 60கூட இருக்காது. ஐப்பசி மழைக்குப் பிறகு உப்பும் ஆல்கலினிட்டியும் சேர்ந்தே இறங்கும். அப்போது போன மாத அளவு செல்லாது.

மீன் குளங்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஆல்கலினிட்டியை 100ஆல் வகுத்தால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்பது வரும். 120 என்றால் 1.2. ஆல்கலினிட்டி 50க்குக் கீழே இருந்தால் தொடவே வேண்டாம். இறால் குட்டையில் இதை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, அதற்கும் கீழேயே நிற்பதுதான் நல்லது என்பேன்.

ஆழத்தை அளக்காமல் போடுவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு ஏக்கரில் 1.2 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 4,850 கன மீட்டர் தண்ணீர். 1.2 அளவுக்கு 5.8 கிலோ போதும். கோடையில் தண்ணீர் 90 செ.மீ.க்கு இறங்கிய பிறகும் அதே 5.8 கிலோவைப் போட்டால் அளவு 1.6 ஆகிவிடும்.

சுண்ணாம்பையும் மயில்துத்தத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். பி.எச். ஏறி, செம்பு வீழ்படிவாகிச் சேற்றில் படிந்துவிடும். பாசி சாகவில்லையே என்று இன்னொரு தடவை போடுவார்கள். செம்பு மக்கிப்போகிற பொருள் இல்லை. போட்டதெல்லாம் அடிச்சேற்றில் சேரும், இறால் மேய்வதும் அங்கேதான்.

அப்புறம் ஆக்சிஜன். பாசி மொத்தமாகச் செத்தால் அது அழுகுவதற்கே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். விடிவதற்கு முன் இறால் மேலே வந்து ஓரம் ஒதுங்கும். அதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று பயந்து மருந்துக்கு ஓடுபவர்கள் உண்டு. குட்டையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வெயில் உள்ள காலையில், கரைத்துத் தெளித்து, இரவு முழுக்க ஏரேட்டரை ஓட விடுங்கள். செக் ட்ரேயில் (தீவனத்தைச் சோதிக்க இறக்கும் தட்டு) இறால் புதிதாக உரித்த சட்டைகள் கிடந்தால் அன்றைக்குப் போட வேண்டாம். மெத்தென்ற ஓடு எதையும் எளிதாக உள்ளே விட்டுவிடும்.

"செம்பு இறாலுக்குச் சத்துதானே?" என்றும் கேட்பார்கள். உண்மைதான், அதன் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினில் இருப்பது செம்பு. ஆனால் அந்தத் தேவையைத் தீவனமே பார்த்துக்கொள்ளும்.

குஞ்சு பொரிப்பகங்களில் சிக்கல் வேறு மாதிரி. நாம் குடிக்கும் தண்ணீரில் செம்பு லிட்டருக்கு 0.05 மி.கி., வேறு வழியில்லாவிட்டால் 1.5 மி.கி. வரை இருக்கலாம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. கடல் உயிரினங்கள் தொடர்ந்து தாங்கும் அளவாக அமெரிக்கா வைத்திருப்பது 0.0031 மி.கி. ஆகவே குடிக்க உகந்த தண்ணீர் என்ற சான்றிதழை நம்பி லார்வா தொட்டியை நிரப்பக் கூடாது. கடல்நீர் ஓடும் குழாயில் பித்தளை வால்வு ஒன்றுகூட வேண்டாம், பி.வி.சி. போதும். உலோகங்களைக் கட்டிப்போட ஈ.டி.டி.ஏ. சேர்ப்பதும் இதற்காகத்தான்.

மயில்துத்தம் போட்ட குட்டையை உடனே வாய்க்காலில் திறந்துவிடுவது கடைசித் தவறு. வளர்ந்த இறால் தாங்கும் அளவை நண்டுக் குஞ்சும் தண்ணீர்ப் பூச்சியும் தாங்காது. பெரும்பாலும் பக்கத்துப் பண்ணை தண்ணீர் ஏற்றுவதும் அதே வாய்க்காலில்தான்.