பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு ஆங்கிலம்: நான் தடுக்கி விழுந்த இடங்கள்

பாரிஸ் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறிய ஹோட்டலில் எனக்கு இரவுநேர வரவேற்பு மேசை வேலை. லண்டனிலிருந்து வரும் யூரோஸ்டார் அந்த நிலையத்தில்தான் வந்து நிற்கும் என்பதால் ஆங்கிலேயருக்குக் குறைவே இல்லை. பள்ளிப் படிப்பு முழுவதையும் பிரெஞ்சில் முடித்தவன் நான். ஆங்கிலச் சொற்களில் பாதி பிரெஞ்சுபோலவே இருக்கின்றனவே, சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் இரவு ஒரு தம்பதியர் தெருச் சத்தம் இல்லாத அறைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார்கள். "எவெஞ்சுவலி, யெஸ்" என்றேன். பிரெஞ்சில் 'எவாந்துயெல்மாங்' என்றால் 'முடிந்தால் பார்க்கலாம்'. ஆங்கிலத்தில் அதற்கு 'எப்படியும் கடைசியில் கிடைத்துவிடும்' என்று பொருள். அவர்கள் பெட்டிகளோடு ஒன்றரை மணி நேரம் கூடத்தில் காத்திருந்தார்கள். அன்று ஓர் அறைகூடக் காலியாக இல்லை. "நீங்கள்தானே தருவதாகச் சொன்னீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டபோதுதான் அகராதியைத் திறந்தேன்.

முதல் படி: போலி நண்பர்களைப் பிடியுங்கள். உருவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள இச்சொற்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபோ ஸமி', அதாவது போலி நண்பர்கள், என்பார்கள். 'அக்சுவலி' என்றால் 'தற்போது' அல்ல, 'உண்மையில்'. 'லைப்ரரி' புத்தகக் கடை அல்ல, நூலகம். 'டிமாண்ட்' என்பது கேட்பதல்ல, அதட்டிக் கேட்பது. வந்தவரிடம் கடவுச்சீட்டை 'டிமாண்ட்' செய்து பார்த்தால் தெரியும். எனக்குப் பிடித்தது 'டிசெப்ஷன்': பிரெஞ்சில் அது ஏமாற்றம், ஆங்கிலத்தில் ஏமாற்று வேலை. நாற்பது சொற்கள் சேர்த்தால் போதும். நீளமான பட்டியல்களை இறக்கி வைக்காதீர்கள். நீங்களே தவறாகச் சொன்ன சொல்தான் மறக்காது.

இரண்டாம் படி: அட்டை. நான் பயன்படுத்துவது ஆங்கி (Anki) என்ற நினைவு அட்டைச் செயலி; முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. படம் காட்டிப் பரிசு கொடுக்கும் விளையாட்டுச் செயலிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் இடறிய இடம் இதுதான். முன்பக்கம் ஒரு பிரெஞ்சுச் சொல், பின்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல் என்று முந்நூறு அட்டைகள் செய்தேன். அட்டையைப் பார்த்தால் விடை சட்டென வரும். ஆள் எதிரே நின்றால் வாய் திறக்காது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முழு வாக்கியம் எழுதி ஒன்றிரண்டு சொற்களை மட்டும் மறைக்கும் வகைக்கு மாறினேன். உதாரணமாக, 'வீ ஹாவ் ____ ஆஃப் டவல்ஸ்' என்று எழுதி, கீழே 'துவாலை தீர்ந்துவிட்டது' என்று தமிழில் ஒரு குறிப்பு. விடை 'ரன் அவுட்'. குறிப்பைப் பிரெஞ்சில் எழுதாதீர்கள்; எழுதினால் போலி நண்பர்கள் பின்வாசல் வழியாக வந்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: சின்ன வினைகள், அதாவது 'கிவ் அப்' போலச் சின்னச் சொற்கள் சேர்ந்து வரும் வினைகள். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு குடியேறியது. கொட்டிலில் நிற்கும் மாடு பழைய ஆங்கிலப் பெயரோடு 'கௌ' என்றே நின்றது. தட்டுக்கு வந்த அதன் இறைச்சி பிரெஞ்சு வழியில் 'பீஃப்' ஆனது. எனவே பிரெஞ்சு தெரிந்த நமக்கு அரண்மனை ஆங்கிலம் இலவசமாகக் கிடைக்கிறது. இல்லாதது கொட்டில் ஆங்கிலம். 'அபாண்டன்', 'டாலரேட்', 'கன்டின்யூ' எல்லாம் வாயில் வரும். அன்றாடம் பேசுகிறவர்கள் அதே பொருள்களில் சொல்லும் 'கிவ் அப்', 'புட் அப் வித்', 'கேரி ஆன்' வராது. விளைவு, துவாலை கேட்டவரிடம் வக்கீல் நோட்டீஸ் வாசிப்பதுபோல் பேசுவோம்.

பாடப் புத்தகங்கள் 'புட்' சேர்ந்த வினைகளை எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கியிருக்கும். அப்படிப் பாடமாக்கினால் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். இடத்தை வைத்துப் பிரியுங்கள்: அறைக்கு வருவது 'செக் இன்', கிளம்புவது 'செக் அவுட்', விளக்கை அணைப்பது 'டர்ன் ஆஃப்'. ஒரு நாளைக்கு ஐந்து போதும்.

நான்காம் படி: மரபுத்தொடர்கள். இங்கே தமிழ் கைகொடுக்கும். விலை அதிகம் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் 'தலையிலுள்ள கண்கள்' விலை என்பார், ஆங்கிலேயர் 'ஒரு கையும் ஒரு காலும்' என்பார், நமக்கோ யானை விலை குதிரை விலை. மூன்றையும் ஒரே அட்டையில் எழுதுங்கள். தொண்டை கட்டினால் பிரெஞ்சுக்காரருக்குத் தொண்டையில் பூனை, ஆங்கிலேயருக்குத் தவளை. சொல்லாமல் நழுவுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஆங்கிலேயப் பாணியில்' போவது என்கிறார்கள். ஆங்கிலேயர்களோ 'பிரெஞ்சு விடுப்பு' என்கிறார்கள். பழி எப்போதும் கடலுக்கு அப்பால்தான்!

பின்சேர்க்கை 1: பூனையும் நாயும் மழையாகப் பொழிவதாகச் சொன்னால் பாட்டி காலத்து ஆங்கிலம் என்று சிரிக்கிறார்கள் என ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். உண்மைதான். மழை கொட்டுகிறது என்பதற்கு 'இட்ஸ் போரிங் (pouring) வித் ரெயின்' என்பதை நான் பயன்படுத்துகிறேன். 'போர்' என்பதை நீட்டிச் சொல்லுங்கள். தொடர்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் படியுங்கள், சொல்லிக்காட்ட அவசரப்படாதீர்கள்.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் 'பசிக்கிறது' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் மன்னிப்புக் கேட்கிறாராம். பிரெஞ்சில் ஹகர ஒலி கிடையாது. அந்தப் பழக்கத்தில் 'ஹங்ரி' என்பது 'ஆங்ரி' ஆகிவிடுகிறது, பசி கோபமாகிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'ஹங்ரி'யின் தொடக்கத்தில் சூடான மூச்சு கையில் பட வேண்டும். படாவிட்டால் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறீர்கள்.